கட்டி என்ற ஒரே சொல்: ஒரு மகளிர் புற்றுநோய் அறுவைப் பிரிவில் எங்கள் நான்கு மாதங்கள்

என் மாமியாருக்கு 66 வயதில் சினைப்பையில் கட்டி கண்டறியப்பட்டு, சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் மகளிர் புற்றுநோய்ப் பிரிவில் 2024ஆம் ஆண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் பரிசோதனையிலிருந்து இறுதித் திசு அறிக்கை வரை ஒவ்வொரு சந்திப்புக்கும் உடன் சென்றவள் என்ற முறையில் அந்தப் பிரிவின் சேவையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கத்தியை எடுப்பதற்கு முன் அவர்கள் காட்டிய நிதானத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால், அந்த நிதானம் தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பெண்ணின் காதுக்குப் போய்ச் சேர ஏழு வாரங்கள் ஆயின. அது ஏற்கத்தக்கதன்று.

அத்தை 1980இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மணமாகி இங்கு வந்தவர். இந்த நோய் வரும்வரை அவருக்கு மருத்துவமனை என்றால் இரண்டு பிள்ளைகளையும் பெற்றெடுத்த பழைய கண்டாங் கர்பாவ் கட்டடம்தான். வயிறு உப்பியிருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கியபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயு என்று அவரே முடிவுசெய்து ஓமத் தண்ணீர் குடித்து வந்தார். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, உள்பாவாடை நாடாவை முன்பு கட்டிய இடத்தில் கட்ட முடியவில்லை, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருந்தது. இவை மூன்றும் சினைப்பைக் கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவரோ, கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டு எல்லாம் சரி என்று கடிதம் வந்துவிட்டதால், பெண்களுக்கு வரும் நோய் எதுவும் தமக்கில்லை என்று நம்பியிருந்தார். அந்தப் பரிசோதனை கருப்பை வாயை மட்டுமே பார்க்கிறது. சினைப்பையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நோய்க்குறி இல்லாத பெண்களுக்கெனச் சினைப்பைக்குப் பயன்தரும் பொதுப் பரிசோதனை இன்றுவரை இல்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் பல ஆண்டுகள் செய்து பார்த்து, அதனால் இறப்பு குறையவில்லை என்று 2021இல் முடிவு வெளியிட்டார்கள். ஆகவே உடல் சொல்வதைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு வாரக்கணக்கில் வயிறு உப்பியே இருந்தால், அது வாயுவா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) இளம் மருத்துவர் ஒருவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறினார். அவசரம் என்று குறித்து மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அந்தச் சந்திப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. காத்திருக்க மனமில்லாமல் என் கணவர் தம் தாயைத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனார். அங்கே ஸ்கேன் செய்து, "நீர்க்கட்டிதான், சிறு துளைகள் போட்டு நீரை உறிஞ்சி எடுத்துவிடலாம், அடுத்த புதன்கிழமையே இடமிருக்கிறது" என்றார்கள். இரத்தப் பரிசோதனை கேட்கவில்லை. கணவர் நிம்மதியடைந்தார். நான் நிம்மதியடையவில்லை, ஸ்கேன் படத்தில் இருந்த அளவு 18 சென்டிமீட்டர். மருத்துவமனைச் சந்திப்பு வரை பொறுத்திருப்போம் என்று மன்றாடி அந்தப் புதன்கிழமையைத் தள்ளிவைத்தேன். அந்த மருத்துவர் தீய எண்ணத்தோடு சொன்னார் என்று நான் கருதவில்லை. ஆனால், அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பின்னர் விளங்கியது.

மருத்துவமனையில் முதல் சந்திப்புக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே சென்றபின் அவசரம் இல்லை. அறுவை மருத்துவர் கேள்விகளாகவே அரை மணி நேரம் செலவிட்டார்: மாதவிடாய் எந்த வயதில் நின்றது, நின்றபின் இரத்தப்போக்கு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகத்திலோ குடலிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டார். இவற்றையெல்லாம் நான்தான் தமிழில் அத்தையிடம் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. உடலுறவின்போது வலி இருந்ததா என்ற கேள்வியை மருமகள் மாமியாரிடம் எப்படிக் கேட்பது? நான் அதை மழுப்பினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு "அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா" என்றார். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு இல்லை என்றும் சொன்னார். முந்தைய ஆண்டில் இரண்டு முறை இரத்தக் கறை பட்டிருந்தது என்பதை ஐந்து வாரங்கள் கழித்துத் தமிழ் பேசும் தாதி ஒருவர் தனியே கேட்டபோதுதான் ஒப்புக்கொண்டார். என்னிடம் அவர் பொய் சொல்லவில்லை; அந்த வார்த்தையை என் முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரத்தம் காண்பது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதன்மையான அறிகுறி. சிங்கப்பூர்ப் பெண்களிடம் அதிகம் காணப்படும் முதல் ஐந்து புற்றுநோய்களுள் கருப்பைப் புற்றுநோயும் ஒன்று. அந்தத் தகவல் கிடைத்தவுடன் கருப்பை உட்சுவரிலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளையாக அதில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால், ஐந்து வாரத் தாமதத்துக்கு நானும் ஒரு காரணமாகியிருப்பேன்.

நோயறிதலுக்கு வருகிறேன். இந்தப் பிரிவை நான் மனதாரப் பாராட்டுவது இதற்காகத்தான். மருத்துவர் ஒரு தாளை எடுத்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். ஸ்கேனில் தெரியும் ஐந்து அடையாளங்கள் உண்டு: கட்டிக்குள் பல அறைகள், திடமான பகுதிகள், இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடங்களில் பரவல். இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3 புள்ளி. மாதவிடாய் நின்றவர் என்றால் அதற்கும் 3. இவ்விரண்டையும் சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை எண்ணோடு பெருக்க வேண்டும். அத்தையின் கட்டியில் பல அறைகளும் திடப் பகுதிகளும் இருந்தன; அவருடைய சிஏ-125 அளவு 88; வழக்கமாக 35க்குள் இருக்க வேண்டும். 3, 3, 88 ஆகியவற்றைப் பெருக்கினால் 792. 200ஐத் தாண்டினாலே புற்றுநோய் அறுவையில் தனிப்பயிற்சி பெற்றவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். சிஏ-125 மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார்: கருப்பை நார்த்திசுக் கட்டி, காசநோய், கல்லீரல் நோய் ஆகியவற்றிலும் அது உயரும், தொடக்க நிலைச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது உயராமலே இருக்கும். நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். கணக்கு எனக்கு நெருக்கமானதன்று. ஆனாலும் அந்தத் தாளில் எழுதிய பெருக்கல், அதுவரை எங்களைச் சூழ்ந்திருந்த மூட்டமான அச்சத்துக்கு ஓர் உருவம் கொடுத்தது.

ஒரு குறையை இங்கேயே குறிப்பிட வேண்டும். அந்த 88 என்ற எண் மருத்துவர் சொல்வதற்கு மூன்று நாள் முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கைப்பேசிச் செயலியில் சிவப்பு நிறத்தில் வந்து நின்றது. அருகில் விளக்கம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை வரை நானும் கணவரும் உறங்கவில்லை. இப்படிப்பட்ட முடிவுகளோடு தாய்மொழியில் இரண்டு வரி விளக்கமும், அழைத்துக் கேட்க ஓர் எண்ணும் இருந்தாக வேண்டும்.

அடுத்து நெஞ்சிலிருந்து இடுப்பு வரை சிடி ஸ்கேன், பிறகு இரைப்பையிலும் பெருங்குடலிலும் குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனை. சினைப்பையில் கட்டி இருக்கும்போது குடலை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சளி போன்ற நீர் சுரக்கும் வகைக் கட்டியாக இது தெரிவதாகவும், குடலிலோ குடல்வாலிலோ தோன்றிய நோய் சினைப்பைக்குப் பரவி அதே தோற்றத்தைத் தருவது உண்டு என்றும், மூலம் எது என்று தெரியாமல் வயிற்றைத் திறப்பது முறையாகாது என்றும் பதில் வந்தது. பின்னர் அறுவை மருத்துவர், ஸ்கேன் நிபுணர், திசு ஆய்வு நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர் ஆகியோர் கூடும் வாரக் கூட்டத்தில் அத்தையின் படங்களை வைத்துப் பேசினார்கள். மானியப் பிரிவில் சேர்ந்த ஒரு முதிய பெண்ணுக்காக இத்தனை பேர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்பது எனக்கு ஆழமான நெகிழ்ச்சியைத் தந்தது.

அந்தக் கூட்டத்தின் முடிவு: வயிற்றை நடுவில் நீளவாட்டில் திறந்து, கட்டியை உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும். எங்கள் புளோக்கில் ஒரு பெண்மணிக்குக் கருப்பையை இயந்திரக் கைகளின் துணையோடு நுண்துளை வழியாகவே எடுத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய வெட்டு என்று கேட்டேன். மருத்துவர் முகம் சுளிக்காமல் விளக்கினார். தொடக்க நிலைக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு நுண்துளை அறுவை மிக நன்றாகப் பொருந்துகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே சிறந்தது என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். ஆனால் 2018இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நுண்துளை வழியே விரிவான கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் அதிகம் என்று தெரிந்ததும் பல நாடுகளில் திறந்த அறுவைக்கே திரும்பினார்கள். சினைப்பைக் கட்டியிலோ கேள்வி வேறு. கட்டி ஒரு சினைப்பைக்குள் முழுதாக அடங்கி, மேலுறை உடையாமல் இருந்தால் அது 1ஏ நிலை. எடுக்கும்போது கை தவறி உடைந்து நீர் வயிற்றுக்குள் சிந்தினால், புற்றுநோயாக இருக்கும்பட்சத்தில், அதே நோய் 1சி நிலைக்குப் போய்விடுகிறது. அதுவரை தேவைப்படாத மருந்துச் சிகிச்சையும் தேவைப்படலாம். ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்க்காமல் இருந்ததற்கும் அதுவே காரணம். சிறு துளை வழியாக உறிஞ்சி எடுப்பதாகச் சொன்ன அந்தப் புதன்கிழமையை நினைத்தேன். கைகள் குளிர்ந்துவிட்டன.

தமிழ் பேசும் தாதி எங்களுக்குக் கிடைத்தது இதற்குப் பிறகுதான். வேறொரு வார்டிலிருந்து அவரை வரவழைக்க நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவர் அத்தையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் தமிழில் சொன்னார். அதற்கு முன்பு வரை நான் மொழிபெயர்த்ததில் ஒரு பெரிய பழுது இருந்ததை அன்று உணர்ந்தேன். நான் எல்லாவற்றையும் கட்டி என்றே சொல்லிவந்தேன். நம் பேச்சில் முதுகில் வரும் சீழ்க்கட்டியும் கட்டிதான், நீர்க்கட்டியும் கட்டிதான், நார்த்திசுக் கட்டியும் கட்டிதான், புற்றுநோயும் கட்டிதான். அந்தச் சொல்லை நான் மென்மைக்காகவே தேர்ந்தெடுத்தேன். அத்தையோ, எல்லாரும் தம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று அதிலிருந்தே புரிந்துகொண்டிருந்தார். என் கணவரும் புற்று என்ற சொல்லை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டிருந்தார். நம் குடும்பங்களில் இது வழக்கம், அன்பினால் செய்வதே. மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்கலாமே" என்றார். தாதி கேட்டார். அத்தை சொன்ன பதில் இது: "எல்லாத்தையும் சொல்லுங்க. கண்ணு முழிச்சதும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும். பிள்ளைகிட்ட அப்புறம் சொல்லுங்க." தாதி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் விளக்கிய திட்டம் இதுதான். கட்டியை எடுத்ததும், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே அதன் ஒரு பகுதியை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதற்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். தீங்கற்றது என்று வந்தால் இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுப்பதோடு நிறுத்திவிடலாம். தீங்கற்றதற்கும் புற்றுநோய்க்கும் நடுப்பட்டது என்றால் கருப்பையையும், குடலை மூடிக் கிடக்கும் கொழுப்புத் திரையையும் எடுத்து, வயிற்றின் உட்சவ்வில் சில இடங்களிலிருந்து திசு சேகரிப்பார்கள். புற்றுநோய் என்று உறுதியானால் நிணநீர் முடிச்சுகளும் சேரும். ஆக மூன்று வழிகளுக்கும் சேர்த்தே ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அத்தை மூன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு, தமிழில் கையெழுத்திட்டார்.

அறுவை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. கட்டி உடையாமல் வந்தது. உறைதிசு ஆய்வில் நடுப்பட்ட வகை என்று சொன்னதால் இரண்டாம் வழியைப் பின்பற்றினார்கள். குடல்வாலைத் தொட்டுப் பார்த்து, இயல்பாக இருந்ததால் விட்டுவைத்தார்கள். மாலையில் அத்தை கண் விழித்தபோது எங்களை வெளியே நிறுத்திவிட்டு, அந்தத் தாதியை வரவழைத்து, மருத்துவர் முதலில் அவரிடமே சொன்னார். வாக்கைக் காப்பாற்றினார்கள். இந்தச் சேவையில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் எது என்று கேட்டால், அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்ற பத்து நிமிடங்களைத்தான் சொல்வேன்.

வார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கால்களில் இரத்தம் உறையாமல் இருக்க இறுக்கமான காலுறையும் காற்றுப் பையும் மாட்டினார்கள், ஊசியும் போட்டார்கள். மறுநாளே பிடித்து நடக்கவைத்தார்கள். இந்தியச் சைவ உணவு கிடைத்தது, ஆனால் ரசம் என்று வந்தது ரசமாக இல்லை. வீடு திரும்பியபின் பத்தியம் என்று அத்தை வெறும் கஞ்சியில் இறங்கியதும், உணவியல் நிபுணர் தொலைபேசியில் அழைத்து, புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும் என்று சொல்லி, அவர் சாப்பிடும் பருப்பு, தயிர், பன்னீர் ஆகியவற்றிலேயே அளவு சொன்னது நல்ல கவனிப்பு. ஆறு வாரத்துக்கு அரிசி மூட்டையைத் தொடக் கூடாது என்றார்கள், தொடவில்லை.

இரண்டு வாரத்துக்குப் பிறகு இறுதி அறிக்கை வந்தது. பெரிய கட்டியிலிருந்து அறுவையின்போது ஒரு சிறு பகுதியையே பார்க்க முடிவதால், உறைதிசு முடிவு இந்த வகையில் சில சமயம் குறைத்துக் காட்டிவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அதனால் அந்த இரண்டு வாரமும் கடினமாக இருந்தது. முடிவு மாறவில்லை: அதே நடுப்பட்ட வகை, அதாவது எல்லைநிலைக் கட்டி, 1ஏ நிலை. செல்கள் இயல்புக்கு மீறிப் பெருகியிருந்தன, ஆனால் அடியிலுள்ள திசுவைத் துளைத்து இறங்கவில்லை. மருந்துச் சிகிச்சை தேவையில்லை, முறையாகக் கண்காணித்தால் போதும். "அப்ப புற்றுநோயா, இல்லையா?" என்று அத்தை கேட்டார். தாதி சற்று யோசித்து, "வாசல் வரைக்கும் வந்துடுச்சும்மா, உள்ள நுழையல" என்றார். இத்தனை ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு அந்த வாக்கியம் தோன்றவில்லை.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனதால் மானியக் கட்டணம் கிடைத்தது. வார்டு, மானியம் உள்ள பி2 வகுப்பு. மானியம் போக மீதியில் பெரும்பகுதியை மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் என் கணவரின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கும் ஏற்றுக்கொண்டன. அத்தை, 1950களில் பிறந்தவர்களுக்கான மெர்டேக்கா தலைமுறைச் சலுகைக்கு உரியவர் என்பதால் வெளிநோயாளர் கட்டணத்தில், மானியம் கழித்த பின்னும் 25 விழுக்காடு குறைந்தது. அறுவைக்கு முன்பே நிதி ஆலோசகர் மதிப்பீட்டை எழுத்தில் தந்தார். இறுதிக் கட்டணம் அதற்குள்ளேயே இருந்தது. தனியாரிடம் நேரடியாகப் போய், பிறகு அங்கிருந்து கடிதம் வாங்கி வந்தால் இந்த மானியக் கட்டணம் தானாகக் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைத் திறனுக்கும் நோயறியும் முறைக்கும் ஐந்துக்கு ஐந்து தருகிறேன். காத்திருப்புக்கு மூன்று. மொழிச் சேவைக்கு இரண்டு. அந்த இரண்டும் ஒரே ஒரு தாதிக்கு உரியவை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றைப் பேசும் பெண்ணிடம் அவருடைய கருப்பையைப் பற்றிக் கேட்க மருமகளையோ மகனையோ நம்பியிருப்பது மருத்துவ ரீதியாகவே தவறு. எங்கள் வீட்டில் ஓர் அறிகுறி ஐந்து வாரம் மறைந்திருந்தது அதற்குச் சான்று. இதை மருத்துவமனையின் கருத்துப் படிவத்திலும் எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. மொழிபெயர்ப்பாளரைச் சந்திப்பு குறிக்கும்போதே கேட்டால் ஏற்பாடு செய்ய முயல்வதாகச் சொன்னார்கள். அதை முதல் நாளே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் உங்கள் அம்மாவையோ அத்தையையோ அழைத்துச் செல்வதாக இருந்தால் தொலைபேசியிலேயே கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். மருத்துவர் அந்தரங்கமான கேள்விகளைக் கேட்கும் நேரத்தில், நீங்களாகவே எழுந்து சிறிது நேரம் வெளியே நில்லுங்கள்.

அத்தைக்கு முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அடுத்த சந்திப்பின் குறுஞ்செய்தி வந்ததும் அவரே என்னிடம் கைப்பேசியை நீட்டி, தமிழ் பேசுபவர் வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கச் சொன்னார். சொல்லிவிட்டேன், ஏற்பாடு உறுதியாகிவிட்டது. இம்முறை உள்ளே அவர் தனியாகப் போகிறார்.